ராக்கெட் ஸ்டேஜை எதில் ஏற்றுகிறார்கள்? கொங்குப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

ராக்கெட் கிளம்புவதை எல்லோரும் டிவியில் பார்க்கிறோம். அந்தப் பெரிய உருளைகள் தொழிற்சாலையிலிருந்து ஏவுதளம் வரை வந்து சேர்ந்த பாடு யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் போய் ராக்கெட் பற்றிப் பேசினால் முதலில் வரும் கேள்வியே "அதை எதுல ஏத்திட்டு வந்தாங்க?" என்பதுதான். லாரியும் டிரெய்லரும் ரிக் வண்டியும் பிழைப்பாக உள்ள ஊர்களில் அது நியாயமான கேள்வி. அவர்கள் கேட்டதையும், கோவை, ஈரோடு கல்லூரிப் பிள்ளைகள் கேட்டதையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ராக்கெட் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வோர் அடுக்குக்கும் சொந்த எரிபொருள், சொந்த இன்ஜின். அந்த அடுக்கைத்தான் ஸ்டேஜ் என்கிறோம்.

இவ்வளவு பெரிய ஸ்டேஜ் என்றால் எடைதானே முதல் பிரச்சினை?

பெரும்பாலும் இல்லை. லாரிக்காரர்கள் நம்ப மறுக்கும் விஷயம் இது. இஸ்ரோவின் எல்.வி.எம்.3 ராக்கெட்டில் நடுவில் இருக்கும் எல்110 ஸ்டேஜை எடுத்துக்கொள்ளுங்கள். 4 மீட்டர் விட்டம், 21 மீட்டருக்குச் சற்று மேல் நீளம். அதில் நிரப்பும் திரவ எரிபொருள் 110 டன்னுக்கு மேல். ஆனால் அதை நிரப்புவது ஏவுதளத்தில்தான். காலி ஸ்டேஜின் எடை அதில் பத்தில் ஒரு பங்கு அளவே. பன்னிரண்டு சக்கர லாரி தினமும் ஏற்றும் சிமெண்ட் லோடு அதைவிட அதிகம்.

திட எரிபொருள் ஸ்டேஜ் வேறு கதை. அதில் எரிபொருளை ஊற்றி இறுகவைத்துவிட்டால், பிறகு அது உலோகக் கூடோடு சேர்ந்த ஒரே பாரம். அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

அப்படியானால் எது சிக்கல்? நீளமா?

நீளத்தைச் சமாளிக்கலாம். பல்லடம், தாராபுரம், உடுமலை ரோட்டில் காற்றாலை இறக்கை போவதைப் பார்த்திருப்பீர்கள். புதிய இறக்கைகள் 60 மீட்டரையும் தாண்டுகின்றன. பின்னால் உள்ள அச்சுகளைத் தனியாகத் திருப்பும் வசதி இருந்தால், நிதானமாக வளைத்து எடுத்துவிடலாம். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவில் முடியாது என்பது உண்மைதான். சமவெளியில் வழி இருக்கிறது.

விட்டம்தான் கொல்லும். உருளையை வளைக்கவும் முடியாது, சாய்க்கவும் முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 மீட்டர் உருளை. அதைத் தாங்கும் டிரெய்லர் தளம் தரையிலிருந்து ஒரு மீட்டர். தாங்கு சட்டம், மேல்மூடி எல்லாம் சேர்த்தால் ஐந்தரையைத் தொடும். நம் தேசிய நெடுஞ்சாலைகளில் பாலத்துக்கு அடியில் விடும் வழக்கமான உயரமும் 5.5 மீட்டர்தான். அகலத்திலும் இதே கதை: சாதாரண வண்டிக்குச் சட்டம் அனுமதிக்கும் அகலம் 2.6 மீட்டர், இதுவோ நான்கு. எனவே இது ஓ.டி.சி. லோடு, அதாவது அளவு மீறிய சரக்கு. அனுமதிச் சீட்டு, பைலட் வண்டி, கம்பி தூக்கும் ஆட்கள், இரவு ஓட்டம் எல்லாம் வேண்டும்.

நான்கு மீட்டர் என்பது ராக்கெட் கணக்கிலிருந்து மட்டும் வந்த எண் என்று நினைக்காதீர்கள். தொழிற்சாலைக்கும் ஏவுதளத்துக்கும் நடுவில் உள்ள ஆகக் குறுகிய இடம் எவ்வளவோ, பல நாடுகளில் ராக்கெட்டின் இடுப்பும் அவ்வளவுதான்.

ரயிலில் அனுப்பினால் என்னங்க?

நம் அகலப்பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே 1.676 மீட்டர். உலகத்தில் அகலமான பாதைகளில் ஒன்று. ஆனால் அதன் மேல் ஓடும் பெட்டி சுமார் 3.25 மீட்டர் அகலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நடைமேடை, சிக்னல் கம்பம், பக்கத்துப் பாதை வண்டி எல்லாம் குறுக்கே வரும். நான்கு மீட்டர் ஸ்டேஜுக்கு அங்கே இடமில்லை.

ரயிலை நம்பியே ராக்கெட் செய்த நாடுகள் உண்டு. சீனாவின் பழைய லாங் மார்ச் வகைகள் பலவற்றுக்கும் 3.35 மீட்டர் விட்டம். ரயில் சுரங்கத்தில் நுழைய வேண்டுமே. சோவியத் ஒன்றியம் புரோட்டான் ராக்கெட்டில் ஒரு தந்திரம் செய்தது. நடுத்தொட்டியை ரயில் தாங்கும் 4.1 மீட்டரோடு நிறுத்தி, சுற்றிலும் வைக்க வேண்டிய ஆறு பக்கத் தொட்டிகளைத் தனியாக அனுப்பி, பைக்கானூர் ஏவுதளத்தில் பொருத்தினார்கள். பார்ப்பவர்கள் பக்கத் தொட்டிகளைக் கழன்று விழும் பூஸ்டர் (பக்கத்தில் நின்று தள்ளும் துணை ராக்கெட்) என்று நினைப்பார்கள். அவை கழலாது.

நிலவுக்காக அவர்கள் செய்த என்1 ராக்கெட்டின் அடிப்பகுதி 17 மீட்டர். ரயிலாவது, ரோடாவது! பாகங்களை மட்டும் ரயிலில் கொண்டுவந்து, பைக்கானூரிலேயே தொழிற்சாலை கட்டி அங்கேயே வெல்டு செய்தார்கள். நான்கு முறை ஏவி நான்கும் தோற்றதற்குக் காரணங்கள் வேறு.

ரோமானியத் தேரில் பூட்டிய இரண்டு குதிரைகளின் பின்புற அகலம்தான் தண்டவாள இடைவெளியாகி, ராக்கெட்டின் அகலத்தையும் தீர்மானித்தது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

அதை அனுப்பிய மாமாவிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள், பாதிதான் சரி. அமெரிக்க விண்வெளி ஓடத்தின் (ஸ்பேஸ் ஷட்டில்) பக்கவாட்டு பூஸ்டர்கள் யூட்டா மாநிலத்திலிருந்து ஃபுளோரிடாவுக்கு ரயிலில் போனது உண்மை. ஆனால் அங்கே தண்டவாள இடைவெளி 1.435 மீட்டர், பூஸ்டரின் விட்டம் 3.7 மீட்டர். குதிரை இரண்டல்ல, ஐந்தாறு பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். கட்டுப்படுத்தியது சுரங்கமும் பாலமும். தண்டவாள இடைவெளிக்கு அதில் பெரிய பங்கில்லை.

துண்டு துண்டாகக் கொண்டுபோய் அங்கே சேர்த்துவிட்டால் முடிந்ததே?

அதைத்தான் பலரும் செய்கிறார்கள். அதற்கு விலையும் உண்டு.

மேலே சொன்ன அமெரிக்க பூஸ்டரையே பாருங்கள். எரிபொருள் நிரப்பிய நான்கு துண்டுகளாக ரயிலில் வந்து, ஃபுளோரிடாவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது. துண்டு என்றால் இணைப்பு. இணைப்பு என்றால் உள்ளே எரியும் வாயு வெளியே கசியாமல் இருக்க ரப்பர் வளையம். 1986 ஜனவரி 28 அன்று குளிரில் விறைத்துப்போன வளையம் சரியாக அடைக்காததால்தான் சேலஞ்சர் ஓடம் ஏழு பேரோடு அழிந்தது. அந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் சொன்னதை மேலிடம் கேட்கவில்லை. அது தனிக் குற்றம். ஆனாலும் துண்டாக்க வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், தொழிற்சாலை ஒரு மூலையிலும் ஏவுதளம் மறு மூலையிலும் இருந்ததுதான். துண்டில்லாத ஒரே மோட்டாரும் (திட எரிபொருள் ராக்கெட்டை அப்படித்தான் சொல்வார்கள்) வெறும் கனவல்ல. 1960-களில் ஏரோஜெட் நிறுவனம் ஃபுளோரிடாவின் தென்கோடியில், படகு வர வழியுள்ள இடத்தில், 6.6 மீட்டர் விட்டத்தில் ஒரே துண்டாக மோட்டார் செய்து எரித்துச் சோதித்தது. ஓடத்துக்கான ஒப்பந்தம் யூட்டாவுக்குப் போயிற்று.

நம் ஊரில் இதைக் கொஞ்சம் புத்தியாகச் செய்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். எல்.வி.எம்.3-ன் பக்கவாட்டில் நிற்கும் எஸ்200 பூஸ்டரின் விட்டம் 3.2 மீட்டர், ஒவ்வொன்றிலும் 200 டன்னுக்கு மேல் திட எரிபொருள். உலோகக் கூடுகள் மட்டும் காலியாக ரோட்டில் வருகின்றன. எரிபொருளைக் கலந்து வார்ப்பது ஸ்ரீஹரிகோட்டாவுக்கு உள்ளேயே. மூன்று துண்டு, இணைப்பும் உண்டு. ஆனால் நூறு டன் எரிபொருள் துண்டை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போகும் வேலை இல்லை. அந்தத் துண்டு வழியில் குலுங்கி உள்ளே எங்காவது மயிரிழை விரிசல் விட்டால், எரியும் பரப்பு கூடி அழுத்தம் எகிறிவிடும். 2007 மே மாதம் அலபாமாவில் ஒரு ரயில் பாலம் இடிந்து, இப்படி பூஸ்டர் துண்டுகளை ஏற்றிவந்த ரயில் தடம் புரண்டது. ஆட்களுக்குக் காயம், நல்லவேளையாக எரிபொருள் பற்றவில்லை.

திரவ எரிபொருள் ஸ்டேஜைத் துண்டாக்க முடியாது. தொட்டியை நறுக்கி ஏவுதளத்தில் ஒட்டவைத்தால் அந்த வெல்டை மறுபடி முழுதாகச் சோதிக்க வேண்டும். அதற்கு அங்கே ஒரு தொழிற்சாலையே வேண்டும்.

அமெரிக்காக்காரர்கள் பத்து மீட்டர் ராக்கெட்டை எப்படித்தான் கொண்டுபோனார்கள்?

தண்ணீரில். நிலவுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன்-5 ராக்கெட்டின் முதல் ஸ்டேஜ் 10 மீட்டர் விட்டம், 42 மீட்டர் நீளம். நியூ ஆர்லியன்ஸ் அருகே மிச்சூட்டில் அதைச் செய்தார்கள். அங்கிருந்து தோணி போன்ற தட்டையான பார்ஜில் ஏற்றி, ஃபுளோரிடாவைச் சுற்றிக்கொண்டு ஏவுதளம் சேர்த்தார்கள். இரண்டாவது ஸ்டேஜ் கலிஃபோர்னியாவில் தயாரானது. அது பனாமா கால்வாய் வழியாகக் கடலில் சுற்றி வந்தது. இப்போதைய எஸ்.எல்.எஸ். ராக்கெட்டின் 65 மீட்டர் நீள நடு ஸ்டேஜும் அதே மிச்சூட்டிலிருந்து பெகாசஸ் என்ற பார்ஜில்தான் வருகிறது. அதற்காகவே அந்த பார்ஜை வெட்டி நீட்டினார்கள்.

தண்ணீர் வழி என்றால் சிக்கல் இல்லை என்று அர்த்தமில்லை. 1961 ஜூனில் டென்னசி ஆற்றில் வீலர் அணையின் படகு மதகு இடிந்து விழுந்தது. முதல் சாட்டர்ன் ராக்கெட்டைக் கொண்டுபோக வேண்டிய பார்ஜ் அணைக்கு மேலே மாட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் ஸ்டேஜைக் கரையேற்றி, அணையைச் சுற்றி ரோட்டில் இழுத்துப்போய், கீழே கடற்படையிடம் இரவல் வாங்கிய இன்னொரு பார்ஜில் ஏற்றினார்கள். அந்த இரவல் பார்ஜுக்கு "சமரசம்" என்று பொருள்படும் 'காம்பிரமைஸ்' என்றே பெயர் வைத்தார்கள். அக்டோபர் 27-ல் ராக்கெட் கிளம்பிவிட்டது.

2012 ஜனவரியில் டெல்டா மரைனர் என்ற ராக்கெட் கப்பல் கென்டக்கியில் ஒரு பாலத்தின் தாழ்வான கண்ணுக்குள் நுழையப் பார்த்து, பாலத்தின் ஒரு பகுதியையே பிய்த்துக்கொண்டு நின்றது. உள்ளே இருந்த ராக்கெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஐரோப்பாவும் சீனாவும் கடைசியில் கப்பலுக்கே வந்து சேர்ந்தன. சீனா ஐந்து மீட்டர் லாங் மார்ச்-5 செய்ய முடிவெடுத்தபோது, தியான்ஜின் துறைமுகத்துக்குப் பக்கத்தில் தொழிற்சாலை, ஹைனான் தீவில் புது ஏவுதளம், இரண்டுக்கும் நடுவே யுவான்வாங்-21, 22 என்று இரண்டு கப்பல்கள். ஒரு மீட்டர் அறுபத்தைந்து சென்டிமீட்டர் கூடுதல் விட்டத்துக்காக இத்தனையும். ஐரோப்பாவின் ஏரியன்-6 ராக்கெட்டை பிரெஞ்சு கயானா ஏவுதளத்துக்குக் கொண்டுபோகும் கனோப்பே கப்பலில் எண்ணெய்ச் செலவைக் குறைக்க நான்கு பெரிய பாய்மரங்களும் உண்டு.

விமானத்தில்?

முடியும். சாட்டர்ன்-5-ன் மூன்றாவது ஸ்டேஜ் 6.6 மீட்டர். அதற்காகப் பழைய விமானத்தின் உடம்பை ஊதிப் பெருக்கியதுபோல மாற்றி சூப்பர் கப்பி என்ற விமானத்தைச் செய்தார்கள். சோவியத்தில் எனெர்கியா ராக்கெட்டின் 7.7 மீட்டர் தொட்டிகளை ஒரு குண்டுவீச்சு விமானத்தின் முதுகில் கட்டிப் பறந்தார்கள். அதற்கு மேல் விட்டம் போனால் விமானம் பேச்சுக்கே இடமில்லை.

டிரெய்லரில் ஏற்றினால் என்னென்ன பார்க்க வேண்டும்? நாங்கள் பெல்ட் கட்டி, கட்டை போட்டு ஏற்றுவோம்.

அந்தக் கட்டுத்தான் முதல் தலைவலி. ஸ்டேஜ் மேல்நோக்கிப் பறக்கச் செய்தது. நெடுக்காக வரும் விசையைத் தாங்கும். டிரெய்லரில் படுக்கவைத்தால் விசை குறுக்காக வருகிறது. காலி எண்ணெய் டின்னை நின்றவாக்கில் மிதித்தால் தாங்கும், பக்கவாட்டில் அழுத்தினால் ஒடுங்கும் அல்லவா, அதே கதை. எனவே பெல்ட்டை எங்கே வேண்டுமானாலும் போட முடியாது. தொட்டியின் இரு முனைகளிலும் உள்ள கனமான வளையங்களில் மட்டும் தாங்கு சட்டத்தைப் பிடிக்கவைக்க வேண்டும். இரண்டு முனையும் ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொள்ளவும் கூடாது. மேடுபள்ள ரோட்டில் டிரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்தால் சட்டம் அந்த முறுக்கை வாங்கிக்கொள்ள வேண்டும், ஸ்டேஜுக்கு விடக் கூடாது. ஹைட்ராலிக் ஆக்சில் டிரெய்லரில் ஒவ்வொரு அச்சும் தனியாக ஏறி இறங்குவது இதற்குத்தான்.

பழைய அமெரிக்க அட்லஸ் ராக்கெட் இன்னும் மோசம். அதன் தொட்டிச் சுவர் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய துருப்பிடிக்காத எஃகுத் தகடு, உள்ளே தாங்கு விலா எதுவும் கிடையாது. காற்றழுத்தம்தான் அதை நிமிர்த்தி வைத்திருந்தது. டிரெய்லரில் போகும்போதும் உள்ளே வாயு அழுத்தம் குறையாமல் காவல் காக்க வேண்டும், இல்லையென்றால் தொட்டியை இரு முனையிலும் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். 1963-ல் ஒன்று அழுத்தம் போய் ஏவுதளத்திலேயே மடங்கி விழுந்தது.

அப்புறம் ஈரம். தொட்டிக்குள் ஈரக்காற்று புகுந்தால் துரு. கிரையோஜெனிக் தொட்டி, அதாவது கடும் குளிரில் திரவமாக்கிய எரிபொருளை வைக்கும் தொட்டி என்றால், பின்னால் உறையும் பனி. அதனால் உலர்ந்த நைட்ரஜனை நிரப்பி, திறப்பெல்லாம் மூடி அனுப்புகிறார்கள். தூசும் பூச்சியும்கூட எதிரிகள். ஒரு குளவி குழாய்க்குள் கூடு கட்டினால் போதும். குலுக்கத்தைப் பதிவு செய்யும் கருவி ஸ்டேஜோடு கூடவே பயணம் செய்யும். சேருமிடத்தில் முதல் வேலையே அதைத் திறந்து பார்ப்பதுதான். எந்த வேகத்தடையில் டிரைவர் கொஞ்சம் அவசரப்பட்டார் என்பது அதில் தெரிந்துவிடும். எனவே சாப்பாடு, டீ, தூக்கம் எல்லாம் நேரத்துக்கு நடக்க வேண்டும், ஸ்டேஜ் ஓட்டத்தில் "விட்டதைப் பிடிக்கிற" வேகம் கிடையாது.

ஜப்பானில் சாலை சின்னதாயிற்றே?

ராக்கெட் கப்பலில் தனேகாஷிமா தீவுக்கு வந்து, அங்கிருந்து இரவில் ரோட்டில் போகும். வழியில் உள்ள போக்குவரத்து சிக்னல்களைத் திருப்பி ஒதுக்கிவைக்கும்படி அமைத்திருக்கிறார்கள். நம் ஊரில் தேர் ஓட்டத்துக்கு மின்கம்பியைக் கழற்றுவார்கள். அவர்கள் ஒருமுறை யோசித்து நிரந்தரமாகச் செய்துவிட்டார்கள்.

எலான் மஸ்க் நிறுவனம் எப்படிச் சமாளிக்கிறது?

இரண்டு விதமாக. ஃபால்கன்-9 ராக்கெட்டின் விட்டம் 3.7 மீட்டர், கலிஃபோர்னியாவில் செய்து, டெக்சாஸில் சோதித்து, ஃபுளோரிடாவுக்கு ரோட்டிலேயே போகும்படி வைத்த அளவு. அதனால்தான் அது அவ்வளவு ஒல்லியாக, அவ்வளவு நீளமாக இருக்கிறது. ஸ்டார்ஷிப்புக்கு 9 மீட்டர் என்று முடிவெடுத்தபோது ரோட்டை நம்பவில்லை. டெக்சாஸ் கடற்கரையில் ஏவுதளத்துக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலையைக் கட்டிவிட்டார்கள். என்1-க்கு சோவியத் செய்ததும் கிட்டத்தட்ட அதேதான்.

இஸ்ரோ ஸ்டேஜ்கள் கொங்கு வழியாக வருமா? பார்க்க முடியுமா?

எதிர்பார்க்க வேண்டாம். திரவ ஸ்டேஜ்களைச் சேர்த்துச் சோதிக்கும் மகேந்திரகிரி திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டா சென்னைக்கு வடக்கே ஆந்திராவில். சூளூர்ப்பேட்டையிலிருந்து பழவேற்காடு ஏரியைக் கடக்கும் சாலைதான் அந்தத் தீவுக்கு வாசல். இந்த இரண்டுக்கும் நடுவே நாம் மேற்கே ஒதுங்கி இருக்கிறோம்.

2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டிய குலசேகரப்பட்டினம் ஏவுதளம் மகேந்திரகிரிக்குப் பக்கத்து மாவட்டம். ஆனால் அது சின்ன ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.க்கு, அதன் விட்டம் 2 மீட்டர்தான். அங்கே தளம் அமைத்ததற்கு முக்கியக் காரணம், இலங்கையைச் சுற்றி வளைக்காமல் நேரே தெற்கே ஏவலாம் என்பது.

கோயம்புத்தூரில் இத்தனை பட்டறை, பவுண்டரி இருக்கிறது. இங்கேயே முழு ஸ்டேஜ் செய்யலாமே?

ஆசை நியாயம். ஆனால் என் பதில், வேண்டாம். நமக்குக் கடல் இல்லை, படகு போகும் ஆறும் இல்லை. இங்கே செய்யும் ஸ்டேஜ் ரோட்டிலேயே முழுத் தூரமும் போயாக வேண்டும். வடக்கே போனால் தொப்பூர் கணவாய் வேறு. இன்று நான்கு மீட்டர் என்றால் எப்படியோ போய்விடலாம். நாளை ராக்கெட் பெரிதாகும்போது நாம் கட்டிய தொழிற்சாலை வழியடைபட்டு நிற்கும். ஸ்டேஜ் தொழிற்சாலை தூத்துக்குடி போன்ற கடற்கரையில் இருப்பதுதான் சரி.

அதற்காக நமக்கு வேலையில்லை என்று இல்லை. ஸ்டேஜுக்குள் போகும் வால்வு, இன்ஜின் பாகம், தகடு எல்லாம் சாதாரண லாரியில் போகும். சந்திரயான்-2 ஏவிய ராக்கெட்டின் கிரையோஜெனிக் இன்ஜினுக்குச் சேலம் உருக்காலையின் துருப்பிடிக்காத எஃகுத் தகடு போயிருக்கிறது. அதே சந்திரயானின் தரையிறங்கு கலத்தைச் சோதிக்க, நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறையைப் பொடித்துத்தான் செயற்கை நிலவு மண் செய்தார்கள். நிலவின் மேட்டுநிலத்தில் உள்ள அதே வகைப் பாறை அது. அந்த மண் இங்கிருந்துதான் பெங்களூருக்குப் போயிற்று, ஓ.டி.சி. அனுமதி எதுவும் கேட்காமல்.

எங்கள் பட்டறையில் விண்வெளிப் பாகம் செய்ய ஆர்டர் கேட்கலாம் என்று இருக்கிறோம். அளவில் எதைக் கவனிக்க?

பாகத்தின் அளவைப் பார்க்காதீர்கள், பெட்டியோடு சேர்ந்த அளவைப் பாருங்கள். மெத்தை, தாங்கு சட்டம், மரப்பெட்டி சேர்ந்தால் ஒவ்வொரு பக்கமும் கணிசமாகக் கூடும். வெளிநாட்டுக்கு என்றால் சாதாரணக் கன்டெய்னரின் கதவு அகலம் சுமார் 2.34 மீட்டர், உயரம் சுமார் 2.28 மீட்டர். கொச்சி, தூத்துக்குடி எந்தத் துறைமுகம் என்றாலும் அளவு ஒன்றுதான். உள்நாட்டுக்கு என்றால் 2.6 மீட்டர் அகலத்துக்குள் பெட்டி அடங்கினால் ஓ.டி.சி. அனுமதித் தொல்லை மிச்சம். விலை பேசும்போதே பெட்டி யார் பொறுப்பு, குலுக்கப் பதிவுக் கருவி யார் வைப்பது, வழியில் அடிபட்டால் யார் ஏற்பது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டிரான்ஸ்போர்ட்காரரையும் அந்தப் பேச்சில் உட்காரவையுங்கள்.